இறப்பை ஏற்றுக்கொண்டதாக எழுதுவது யாருடைய ஆறுதலுக்காக?

கரையோரன் கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். இங்கே பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவன் நான். கேள்வி கேட்பது இதுவே முதல் முறை. சென்ற ஆண்டு என் தந்தை மூன்று மாத நோய்க்குப் பின் இறந்தார். அவருடைய கடைசிப் பதினொரு நாட்களும் நான் கட்டிலருகே இருந்தேன். அதற்கு முன்புவரை சாவைப் பற்றிய கதைகளையும் கவிதைகளையும் தேடிப் படிக்கும் வழக்கம் எனக்கு இருந்தது. இப்போது அவற்றுள் பலவற்றை நான்கு பக்கத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. துயரம் தாங்காமல் மூடிவைக்கிறேன் என்று வீட்டார் நினைக்கிறார்கள். உண்மையில் எனக்கு வருவது கோபம்.

கதைகளில் சாகக் கிடப்பவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் தெளிந்துவிடுகிறார்கள். வலி விலகி நிற்கிறது, வாழ்நாள் முழுவதும் புரியாதிருந்தது புரிந்துவிடுகிறது, பக்கத்தில் இருப்பவர்கள் காலமெல்லாம் நினைத்துக்கொள்ளத் தக்க ஒரு வாக்கியமும் வாயிலிருந்து வந்துவிடுகிறது. என் தந்தையிடம் இவற்றில் ஒன்றையும் நான் காணவில்லை. அவருக்கு நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. தானாகப் புரண்டு படுக்க முடியாமற்போனது அவரை வேறெதையும்விட அதிகமாக வருத்தியது. மரணம் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி எழுப்பிய சத்தத்தைப் பற்றி மட்டும் பலமுறை சொன்னார்.

கடைசி இரவில் அவர் ஒரு சொல் சொன்னார். அவர் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது 'விடு' என்று கேட்டது. பிடி வலிக்கிறது போலும் என்று கையை விட்டுவிட்டேன். கட்டிலின் மறுபக்கம் நின்ற என் தம்பிக்கு அது 'வீடு' என்று கேட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார், நாம் செய்யவில்லை என்று இன்றுவரை அவன் வருந்துகிறான். ஒரு குறிலுக்கும் நெடிலுக்கும் இடையில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருக்கிறோம்.

இலக்கியம் காட்டும் அந்த ஏற்பு, சாகிறவரைப் பற்றிய உண்மையா, அல்லது உயிரோடு இருக்கும் வாசகனுக்காகச் செய்து வைத்த ஏற்பாடா என்பதே என் கேள்வி. துன்பத்தை ஒரு பாடமாக மாற்றிவிடாமல் எழுதியவர்கள் இருக்கிறார்களா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

இரண்டாம்வாசிப்பு பதில்:

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்கு உரியதாக எல்லோரும் முதலில் சுட்டும் படைப்பையே நான் உங்களுக்குப் பரிந்துரைக்கப் போகிறேன். 1886ஆம் ஆண்டு வெளியான தல்ஸ்தோயின் 'இவான் இலியிச்சின் மரணம்' என்ற குறுநாவலை நீங்கள் படித்திருக்கக்கூடும். கடைசியில் ஒளி வருகிறது, அச்சம் போகிறது, மரணமே இல்லாமற்போகிறது என்ற அளவில்தான் அது பலருடைய நினைவில் தங்கியிருக்கிறது. நானும் இருபது வயதில் அப்படித்தான் படித்தேன். பின்னர் மறுபடியும் படித்தபோது, முதல் வாசிப்பில் எவ்வளவு விரைந்து ஓடியிருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

முதலாவதாக, அந்தக் கதை மரணச் செய்தியோடு தொடங்குகிறது. உடன் பணியாற்றிய நீதித்துறை அலுவலர்கள் செய்தித்தாளில் அதைப் பார்த்தவுடன், காலியான இடத்துக்கு யார் வருவார், அதனால் தமக்கு என்ன பதவி உயர்வு கிடைக்கும் என்றே நினைக்கிறார்கள். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையும் மூச்சு அடங்கிய கணத்தில்தான் தொடங்குகிறது என்பதை இங்கே சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். முடிவை முதலிலேயே வாசகன் கையில் கொடுத்துவிட்டால், 'பிழைப்பாரா' என்ற பதற்றம் கதையை நடத்திச் செல்ல முடியாது. நோயாளியின் ஒவ்வொரு நாளையும் அந்த நாளுக்காகவே பார்க்க வேண்டியதாகிறது. துன்பத்தை எதற்கும் படிக்கட்டாக்காமல் எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான உத்திகளில் இது ஒன்று.

இரண்டாவது, உங்கள் தந்தையின் அந்தச் சொல்லோடு தொடர்புடையது. மூன்று நாட்கள் இடைவிடாமல் அலறிய பிறகு, கை கால்களை வீசிக்கொண்டிருந்த இவானின் கை, அறைக்குள் மெல்ல வந்த பள்ளிச் சிறுவனான மகனின் தலைமேல் விழுகிறது. சிறுவன் அந்தக் கையைப் பற்றித் தன் உதட்டில் வைத்து அழுகிறான். பிறகு மனைவியிடம் 'மன்னித்துவிடு' என்று சொல்ல முயல்கிறார் இவான். வாயில் வந்தது 'வழிவிடு' என்று பொருள்படும் வேறு சொல். ரஷ்ய மொழியில் அவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே ஒலியுடையவை. திருத்திச் சொல்ல அவருக்கு வலுவில்லை. புரிய வேண்டியவருக்குப் புரியும் என்று விட்டுவிடுகிறார். கதையின் ஆகப் பெரிய தருணத்தில், சாகிறவரின் கடைசிச் சொல்லைத் தவறிப்போகும்படி எழுதிய ஒருவரை, அழகான இறுதி வாக்கியம் எழுதியவர்களோடு சேர்த்துக் கோபிக்க முடியாது என்று நினைக்கிறேன்.

மூன்றாவதாக நான் சொல்ல வருவதே எனக்கு முக்கியமானது. ஒளி வந்ததும் அச்சம் போனதும் இவானுக்கு ஒரே கணத்தில் நிகழ்ந்தன என்று சொல்லும் தல்ஸ்தோய், அதை அடுத்து, சூழ நின்றவர்களுக்கு அவருடைய வேதனை இன்னும் இரண்டு மணி நேரம் நீடித்தது என்று எழுதுகிறார். தொண்டையில் ஏதோ கரகரத்தது, உடல் துடித்தது என்பதைத்தான் அறையில் இருந்தவர்கள் கண்டார்கள். அந்த மனைவியோ மகனோ இன்று இங்கே வந்து எழுதினால், நீங்கள் எழுதியதைத்தான் எழுதுவார்கள்: நாங்கள் எந்த அமைதியையும் காணவில்லை. ஏற்பு நிகழ்ந்ததா இல்லையா என்பது கட்டிலுக்கு வெளியே நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் அந்தக் கதை சொல்லியிருக்கிறது. நாம்தான் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மறுப்புரை பதில்:

முன்னவர் அழகாகச் சொன்னார். அதனாலேயே எனக்கு ஐயம் கூடுகிறது. வெளியே நிற்பவருக்குத் தெரியாது என்றால் எழுத்தாளருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? இறந்தவர் யாரும் திரும்பி வந்து சரிபார்க்க மாட்டார் என்ற துணிச்சலில் எழுதப்பட்டதுதான் அந்த ஒளி. வேறு எந்தப் பொருளைப் பற்றியும் இவ்வளவு சோதிக்க முடியாத ஒரு கூற்றை நாவலாசிரியர் சொன்னால் நாம் கேள்வி கேட்போம். மரணப் படுக்கை என்றவுடன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம்.

ஏற்பது உயர்ந்தது, ஏற்காதது மனமுதிர்ச்சி இல்லாமை என்ற எண்ணத்தையும் நாம் எங்கிருந்தோ வாங்கி வைத்திருக்கிறோம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனின் சாவை ஏற்றுக்கொண்டிருந்தால் காப்பியமே இல்லை. செய்யாத களவுக்காக வெட்டப்பட்ட கணவனின் உடலருகே நின்று, 'காய்சினம் தணிந்தன்றிக் கணவனைக் கைகூடேன்' என்று சொல்லிவிட்டு அவள் அரசனிடம் போகிறாள். அங்கே துயரமும் வழக்கும் ஒன்றே. அநியாயமாக நேர்ந்த சாவைப் பக்குவத்தோடு ஏற்கச் சொல்வது, செய்தவனுக்குச் சாதகமான அறிவுரை. போர், பட்டினி, அலட்சியம் ஆகியவற்றால் நேரும் சாவுகளை எழுதும்போதும் 'அமைதியாகக் கண்மூடினார்' என்று முடிக்கும் எழுத்தாளர், தெரிந்தோ தெரியாமலோ ஒரு வழக்குக் கோப்பினை மூடிவைக்கிறார்.

இயற்கையான நோயிலும் இது பொருந்தும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அனுபவத்துக்குப் பின் 1978இல் 'நோய் என்னும் உருவகம்' என்ற நூலை வெளியிட்டார். காசநோயை மென்மையான ஆன்மாக்களின் நோயாகவும் புற்றுநோயை உணர்ச்சிகளை அடக்கிக்கொண்டவர்களின் நோயாகவும் கற்பனை செய்து, நோயாளியின் குணத்தையே நோய்க்குக் காரணமாக்கிய எழுத்துகளை அதில் அவர் சாடினார். தம்முடைய நோயைப் பற்றி அந்த நூலில் ஒரு சொல்லும் எழுதவில்லை. 2004இல் அவர் இறந்தார். கடைசிவரை அவர் சாவுக்கு உடன்படவில்லை என்று அவருடைய மகன் பின்னர் எழுதினார். அவர் முதிர்ச்சியற்றவர் என்று யார் சொல்லத் துணிவார்?

மிகப் பழையதான, மெசொப்பொத்தேமியாவின் கில்காமேஷ் காப்பியத்தைப் பாருங்கள். நோயில் கிடக்கும் எங்கிடு, கில்காமேஷின் தோழன், தன்னைக் காட்டிலிருந்து மனிதரிடையே கொண்டுவந்த பெண்ணைச் சபிக்கிறான். கதிரவக் கடவுள் எடுத்துச் சொன்னதும் அந்தச் சாபத்தை வாழ்த்தாக மாற்றுகிறான். வழக்கமான எழுத்தாளர் அங்கே நிறுத்தியிருப்பார். காப்பியம் நிறுத்தவில்லை. போரில் சாகாமல் படுக்கையில் சாகிறேனே என்ற குறையோடுதான் அவன் இறக்கிறான். களிமண் பலகையில் எழுதியவர்களுக்கு இருந்த இந்த நேர்மை நமக்கு ஏன் இல்லை? தந்தையை நோக்கி, அந்த நல்ல இரவுக்குள் சாதுவாகப் போய்விடாதீர்கள், சினந்து போராடுங்கள் என்று பாடிய வேல்ஸ் கவிஞர் டிலன் தாமஸின் பக்கமே நான் நிற்பேன்.

இரண்டாம்வாசிப்பு பதில்:

மறுப்புரை அவர்களே, சொன்டாக் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் டிலன் தாமஸின் கவிதையில் பேசுபவர் மகன் அல்லவா? தந்தை அதில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சினந்து போராட அந்த மனிதருக்கு விருப்பமிருந்ததா, வலுவிருந்ததா என்று கவிதைக்குத் தெரியாது. பத்தொன்பது வரிகளுக்குள் இரண்டு வரிகள் மாறி மாறி நான்கு முறை வந்துகொண்டே இருக்கும் வடிவம் அது. அந்த மகன் ஓர் இடத்தில் நின்று அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஏற்றுக்கொள்ளச் சொல்வதைப் போலவே எதிர்க்கச் சொல்வதும் உயிரோடு இருப்பவரின் தேவையாக இருக்க முடியும். ஆகவே உங்கள் கேள்வி உங்கள் சான்றின் மேலும் பாய்கிறது.

ஏட்டுச்சுவடி பதில்:

தாமதமாக வருகிறேன்; பொறுத்தருள வேண்டும். பழந்தமிழ்ப் பாடல்களில் ஏற்பு என்று நாம் மேற்கோள் காட்டிப் பழகிய இடங்களை ஒருமுறை கவனமாகப் பார்க்கலாம் என்று தோன்றியது.

'சாதலும் புதுவது அன்றே' என்ற கணியன் பூங்குன்றனாரின் வரியை இரங்கல் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருப்போம். புறநானூற்று 192ஆம் பாடலில் அந்த வரிக்கு அடுத்தபடியாக, வாழ்தல் இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுப்பால் இன்னாதது என்று சொன்னதும் இல்லை என்கிறார் புலவர். பேரியாற்று நீரோடு போகும் புணையைப் போல உயிர் முறைவழியே போகும் என்பதைத் தெளிந்ததால், பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதே அவர் வந்து சேரும் இடம். அந்தப் பாட்டில் யாரும் செத்துக்கொண்டிருக்கவில்லை. உடல்நலத்தோடு நிற்கும் ஒருவர், மனிதரை மதிப்பிடுவது பற்றிப் பேசுகிறார். அதை மரணப் படுக்கையருகே கொண்டுவந்து வைத்தது நாம்.

உண்மையில் சாவை நேர்கொள்ளும் பாட்டு 246. பூதப்பாண்டியனின் தேவியான பெருங்கோப்பெண்டு தீப்பாயச் செல்லும்போது, தடுக்கும் சான்றோரை நோக்கிப் பாடியதாக உள்ளது. தாமரை மலர்ந்த குளிர்ந்த பொய்கையும் தீயும் எனக்கு ஒன்றே என்று அது முடிகிறது. அந்த முடிவை மட்டும் பிரித்தெடுத்தால் ஏற்பின் உச்சம் போலத் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய வரிகளில் அவள் கைம்பெண்ணுக்கு விதிக்கப்பட்ட வாழ்வை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்: நெய் படாத பிழிந்த சோறு, எள் துவையல், புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக் கற்கள் மேல் படுக்கை. அப்படி உழலும் பெண் அல்லேன் நான் என்கிறாள். தீயைப் பொய்கையாக்கியது எது என்பதைப் பாட்டே சொல்லிவிடுகிறது. இதைப் படித்துவிட்டுச் சாவை ஏற்ற அவளுடைய மனத்திட்பத்தை மட்டும் புகழ்கிறவர், நடுவிலுள்ள வரிகளைப் படிக்காதவர் என்றே கருதுவேன். மறுப்புரை அவர்களின் கருத்துக்கு இந்தப் பாட்டு வலுச் சேர்க்கும்.

கரையோரன் தேடுவது இவை இரண்டும் அல்ல. 112ஆம் பாடல் என்று நினைக்கிறேன். பாரி இறந்து பறம்பு பறிபோன பின் அவருடைய மகளிர் பாடியது. ஐந்தே வரிகள். அந்தத் திங்களில் அந்த வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்தத் திங்களில் இந்த வெண்ணிலவில் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார், 'யாம் எந்தையும் இலமே'. அதில் 'துயரம்' என்ற சொல் இல்லை; கண்ணீர் இல்லை; பாரி எப்படி இறந்தார், என்ன சொன்னார் என்பது இல்லை. 'உடையேம்' என்பதற்கும் 'இலம்' என்பதற்கும் நடுவே ஒரு மாதம் கிடக்கிறது, அவ்வளவுதான். இவ்வகைப் பாட்டுக்கு இலக்கணத்தார் இட்ட துறைப்பெயர் கையறுநிலை. செய்வதற்கு ஒன்றுமற்றுப் போன நிலை. அந்தப் பெயரில் சாகிறவரின் மனம் இல்லை. எஞ்சியவரின் கைதான் இருக்கிறது. சாவை உள்ளிருந்து எழுத முடியாது, அதன் ஓரத்தில் நின்றுதான் எழுத முடியும் என்பதை அந்தப் பெயரை இட்டவர்கள் அறிந்திருந்தார்கள் என்று கருத இடமிருக்கிறது.

கடைசியாக, 'விடு', 'வீடு' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, மூன்றாவதாக ஒரு பொருள் இருப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் வரும் வீடும் 'விடு' என்பதிலிருந்து பிறந்ததே. விடுதலை என்று பொருள். வள்ளுவர் முதல் மூன்றுக்கும் பால் வகுத்து, நான்காவதற்கு வகுக்கவில்லை. அதற்குப் பரிமேலழகர் கூறும் காரணம், வீடு என்பது 'சிந்தையும் மொழியும் செல்லா நிலைமைத்து' என்பது. உங்களுக்கும் தம்பிக்கும் கேட்டது இரு வேறு சொற்களாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா?

புதியவர்_மூவர் பதில்:

சாகும் நோயாளிகளைப் பற்றி மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் சொன்ன ஐந்து நிலைகள் இங்கே ஏன் பேசப்படவில்லை? மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற வரிசையில் பார்த்தால், கரையோரனின் தந்தை இடையில் ஏதோ ஒரு நிலையில் நின்றுவிட்டார் என்று விளங்கிக்கொள்ளலாம். நல்ல கதைகளும் இந்த வரிசையிலேயே அமைகின்றன.

இரவுப்பணி பதில்:

மேலே இருப்பவருக்கு முதலில் ஒரு சொல். அந்த ஐந்து நிலைகளைச் சொன்ன கூப்ளர்-ராஸின் நூல் 1969இல் வந்தது. சாகும் நோயாளிகளோடு உட்கார்ந்து, அவர்களைப் பேசவிட்டுக் கேட்டதிலிருந்து எழுதப்பட்டது. அப்படிக் கேட்பதே அரிதாக இருந்த காலத்தில் அது பெரிய செயல். நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தே தீரும் என்று அவரும் சொல்லவில்லை. ஒரு மனிதர் ஐந்தாவது வகுப்பில் தேறாமல் போய்விட்டார் என்பது போல அதைப் பயன்படுத்தாதீர்கள். ஒருவருடைய தந்தையைப் பற்றி அவரிடமே இப்படிச் சொல்வது கொடுமையானது.

நான் வலி தணிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த செவிலி. ஏற்றுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், ஏற்காதவர்களையும் பார்த்திருக்கிறேன். காலையில் ஏற்று மாலையில் மறுத்தவர்கள் எல்லோரையும்விட அதிகம். கடைசி நாட்களில் பெரும்பாலோர் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. உறக்கம் கூடுகிறது, மூச்சுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, தொண்டையில் தேங்கும் நீர் சத்தமிடுகிறது. அந்தச் சத்தம் கேட்பவருக்குத் தரும் துன்பத்தைப் படுத்திருப்பவருக்குத் தராது என்றே மருத்துவத்தில் கருதுகிறோம். ஆனாலும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எளிதன்று. வாய் உலர்வதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பதுதான் அந்த நேரத்தில் நாங்கள் செய்யும் வேலைகளில் முதலிடத்தில் இருப்பது. கதைகளில் யாரும் அதைச் செய்து நான் அதிகம் படித்ததில்லை.

அதனால் தல்ஸ்தோயின் கதையில் எனக்கு வேண்டியவர் இவான் அல்லர். கெராசிம் என்ற வேலைக்காரர். நோயாளி சாகப்போகிறார் என்பதை எல்லோரும் மறைத்து நடிக்கும் வீட்டில் அவர் ஒருவரே நடிப்பதில்லை. வலி குறைகிறது என்பதால் இரவெல்லாம் நோயாளியின் கால்களைத் தன் தோள்மேல் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் ஒருநாள் சாகத்தானே போகிறோம், இதைச் செய்தால் என்ன என்பது அவருடைய எண்ணம். சாவை ஏற்றவர் அந்தக் கதையில் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான், அதுவும் கடைசி அத்தியாயத்துக்கு வெகு முன்பே.

எதிர்ப்பக்கத்துக்குப் பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரைச் சொல்வேன். தாயின் கடைசி வாரங்களைப் பற்றி 1964இல் அவர் வெளியிட்ட நூலுக்கு 'மிக எளிய மரணம்' என்ற பொருள்படும் தலைப்பு. புற்றுநோய் என்பதைத் தாயிடம் மறைத்தார்கள். அந்தப் பொய்யில் தமக்கும் பங்கு இருந்தது என்பதை அவர் மழுப்பவில்லை. தலைப்பு, ஒரு செவிலி ஆறுதலாகச் சொன்ன சொற்களிலிருந்து வந்தது. அந்தச் செவிலி மேல் எனக்குப் பரிவு உண்டு, ஏனென்றால் அதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன். அந்த நூலைப் படித்த பிறகு சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

எஞ்சியவர்களைப் பற்றிக் கேட்டால், கிரேக்கக் காப்பியமான இலியட்டின் கடைசிப் பகுதியை எடுங்கள். மகனைக் கொன்ற வீரன் அக்கிலிஸின் கைகளை முத்தமிட்டுப் பிணத்தைக் கேட்கிறான் ட்ராய் நகரின் கிழ அரசன் பிரியம். இருவரும் அழுகிறார்கள், அவரவர் இறந்தவரை நினைத்து. அழுது முடித்ததும் அக்கிலிஸ் சொல்வது தத்துவம் அன்று, சாப்பிடலாம் என்கிறான். பிள்ளைகள் அனைவரையும் பறிகொடுத்த நியோபிகூட உணவை நினைத்தாள் என்கிறான். விடியற்காலையில் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினர்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்.

கரையோரன் பதில்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாட்களாக இவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். உடனே எழுத முடியவில்லை.

இரண்டாம்வாசிப்பு சுட்டிய அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறந்தே போயிருந்தேன். நூலை எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. என் தந்தைக்கு உள்ளே ஏதோ நிகழ்ந்திருக்கலாம் என்று அதிலிருந்து நான் முடிவு செய்யப் போவதில்லை. மறுப்புரை சொன்னது போல அதைச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் ஒன்றும் நிகழவில்லை என்று இதுவரை நான் உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கும் அதே குறை இருக்கிறது. கட்டிலுக்கு வெளியே நின்றவன் நான். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் நான் எழுதிய கதைதான்.

ஏட்டுச்சுவடி ஐயா, நீங்கள் சொன்ன மூன்றாவது பொருள் என்னைக் கொஞ்ச நேரம் அசைத்தது. தம்பியிடம் சொல்லலாமா என்றும் நினைத்தேன். சொன்னால் அவன் ஆறுதலடைவான் என்பது நிச்சயம். ஆனால் மின்விசிறியின் சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட்ட மனிதரின் வாயில் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. சிந்தையும் மொழியும் செல்லாத ஒன்றை அவர் சொன்னார் என்று சொல்ல நான் யார்? நீங்கள் மேற்கோள் காட்டிய உரையே என்னைத் தடுக்கிறது என்பதைப் பிழையாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 112ஆம் பாடலைத் தாளில் எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். அதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை.

இரவுப்பணி அம்மா, ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்தப் பதினொரு நாட்களில் அவருடைய உதட்டை நனைத்துக்கொண்டிருந்தவன் என் தம்பி. நான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் ஒவ்வொரு அரை மணிக்கும் எழுந்து பஞ்சை நனைத்துக்கொண்டு வந்தான். முகத்துக்கு மிக அருகில் குனிந்திருந்தவன் அவன்தான் என்பது நீங்கள் எழுதியதைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது. நான் கேட்டதைவிட அவன் கேட்டது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போகிறேன். அதை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டும்.